அரசாங்கம் எங்க ஒதுங்கி நின்னுச்சு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அமெரிக்கா எப்படி பணக்கார நாடாச்சுன்னு உங்க ஞாயிறு இணைப்புல வர்ற தொடரை விடாம படிக்கறேன், சயான் ஸ்டேஷன்கிட்ட பேப்பர் விக்கிறவர்கிட்ட சொல்லி எடுத்து வெக்கச் சொல்லிடுவேன், ஏன்னா கொஞ்சம் லேட்டா போனா மராத்தி, இங்கிலீஷ் எல்லாம் இருக்கும், தமிழ் மட்டும் காலி. எண்ணெய் முதலாளி ராக்கஃபெல்லர், எஃகு முதலாளி கார்னகி, ரயில் முதலாளி வாண்டர்பில்ட்னு ஒவ்வொருத்தர் கதையும் உங்க கட்டுரையாளர் சுவாரஸ்யமாதான் எழுதறார், அதுல குறை இல்ல. ஆனா போன வாரம் ஒரு முடிவுக்கு வந்துட்டார். 1865-ல உள்நாட்டு யுத்தம் முடிஞ்சதுக்கு அப்புறம் அங்க அரசாங்கம் தொழில் பண்றவங்களுக்கு குறுக்க வராம ஒதுங்கி நின்னுச்சாம், அதனாலதான் முப்பது நாப்பது வருஷத்துல ரயிலும் எஃகும் எண்ணெயும் அப்படி வளந்துச்சாம், நாமளும் அதே மாதிரி ஒதுங்கி வழி விடணுமாம். இங்கதான் எனக்கு ஒத்துக்க முடியல. கொஞ்சம் நீளமா எழுதறேன், வெட்டறதா இருந்தா கடைசியிலேர்ந்து வெட்டுங்க, நடுவுல கை வெக்காதீங்க.

நான் ரிடையர் ஆகிற வரைக்கும் ரயில்வேல கூட்ஸ் க்ளார்க். இந்த ஊர் குட்ஷெட்ல, அதாவது சரக்கு ஏத்தி இறக்கற இடத்துலதான் வேலை பூரா. வேகன் கேட்டு இண்டென்ட் போடற பார்ட்டி, ஆர்.ஆர்.னு சொல்ற ரயில்வே ரசீதைக் கையில வெச்சுக்கிட்டு சரக்கு எங்கன்னு கத்தற பார்ட்டி, வேகனை நேரத்துல காலி பண்ணலன்னு டெமரேஜ் போட்டா மூஞ்சியத் தூக்கற பார்ட்டி, மூட்டை தூக்கற மாத்தாடிங்க, எல்லாரையும் பாத்தாச்சு. அதனால அமெரிக்க சரித்திரம்னு எது கைக்கு வந்தாலும் எனக்கு மொதல்ல கண்ணுல படறது கட்டணம்தான். யாருக்கு என்ன ரேட், யாருக்கு வேகன் மொதல்ல, ரசீதுல ஒரு தொகை போட்டு கையில வேற தொகை வாங்கினாங்களா, இதைப் பாத்தா போதும், அந்த நாட்டுல யார் யாருக்கு வேலை செஞ்சாங்கன்னு தெரிஞ்சுடும்.

மொதல்ல ரயில் பாதையையே எடுத்துக்குவோம். 1862-ல, யுத்தம் நடந்துக்கிட்டு இருக்கும்போதே, ஜனாதிபதி லிங்கன் பசிபிக் ரயில்வே சட்டத்துல கையெழுத்துப் போட்டார். யூனியன் பசிபிக்னு ஒரு கம்பெனி கிழக்குலேர்ந்து, சென்ட்ரல் பசிபிக்னு இன்னொன்னு மேற்குலேர்ந்து பாதை போட. போடற ஒவ்வொரு மைலுக்கும் 6,400 ஏக்கர் நிலம் இனாம், 1864-ல அதை 12,800 ஏக்கராக்கிட்டாங்க. அது இல்லாம மைல் கணக்குல அரசாங்க கடன் பத்திரம் வேற, சமவெளின்னா மைலுக்கு 16,000 டாலர், ஏத்தம் இறக்கமான மேட்டு நிலத்துக்கு 32,000, மலைன்னா 48,000. மொத்தமா எல்லா ரயில் கம்பெனிக்கும் சேர்த்து மத்திய அரசு குடுத்த நிலம் ஏறக்குறைய 13 கோடி ஏக்கர், நம்ம தமிழ்நாட்டோட மொத்த பரப்பைப் போல நாலு மடங்கு சார். அதுல பெரும்பகுதி அங்க காலம் காலமா இருந்த பூர்வகுடி மக்கள்கிட்டேர்ந்து படையை வெச்சும் ஒப்பந்தத்தை மீறியும் எடுத்த நிலம். இதுக்குப் பேர் ஒதுங்கறதா?

இதுல ஒரு வேடிக்கை இருக்கு, ரயில்வேக்காரன் எவனும் ரசிப்பான். கலிஃபோர்னியால சாக்ரமென்டோ ஊரைத் தாண்டி தரை தட்டையாதான் போகுது, மலை ஏறறதுக்கு இன்னும் பல மைல் இருக்கு. ஆனா மலை ரேட் மைலுக்கு 48,000 ஆச்சே. சென்ட்ரல் பசிபிக் ஆளுங்க மாநில புவியியல் நிபுணர் ஜோசையா விட்னியைக் கூட்டிக்கிட்டுப் போனாங்க, அவரும் ஊருக்கு வெளியிலயே ஆர்கேட் க்ரீக்னு ஒரு ஓடை பக்கத்துல மண்ணைப் பாத்துட்டு சியெரா நெவாடா மலை இங்கேர்ந்தே ஆரம்பிக்குதுன்னு எழுதிக் குடுத்துட்டார், லிங்கனும் ஒத்துக்கிட்டார். தட்டைத் தரையில மலை ரேட்! வேலை அளவை எழுதற மெஷர்மென்ட் புக்ல கைவரிசை காட்டற கான்ட்ராக்டர் எல்லா நாட்டுலயும் உண்டு, ஆனா மலையையே இழுத்துட்டு வந்தவன் இவங்கதான். அந்தக் கம்பெனி தலைவர் லீலண்ட் ஸ்டான்ஃபோர்ட் அப்ப அதே மாநிலத்துக்கு கவர்னரும்கூட, அதையும் உங்க கட்டுரையாளர் விட்டுட்டார்.

கிழக்குப் பக்கம் இன்னும் மோசம். யூனியன் பசிபிக் டைரக்டருங்க க்ரெடி மோபிலியேன்னு தங்களுக்கே ஒரு கட்டுமான கம்பெனி வெச்சுக்கிட்டாங்க, இந்தக் கையால கான்ட்ராக்ட் குடுத்து அந்தக் கையால வாங்கி ரேட்டை ஏத்தி எழுதி லாபத்தைப் பங்கு போட்டாங்க. பார்லிமெண்ட்ல எவனும் கேள்வி கேக்கக் கூடாதுன்னு ஓக்ஸ் ஏம்ஸ்னு ஒரு எம்.பி., அவரும் இதுல பங்குதாரர், அந்த ஷேரை சக எம்.பி.க்களுக்கு சல்லிசா குடுத்தார், காசு இல்லாதவனுக்கு டிவிடெண்ட்லயே கழிச்சுக்கலாம்னு சலுகை வேற. 1872-ல நியூயார்க் சன் பத்திரிகை இதை வெளிய கொண்டுவந்துச்சு. துணை ஜனாதிபதி பேர்கூட அடிபட்டுச்சு. என்ன தண்டனைன்னா, 1873-ல ஏம்ஸையும் இன்னொருத்தரையும் சபையில கண்டிச்சு ஒரு தீர்மானம், அவ்வளவுதான்.

அரசாங்கம் நிஜமாவே ஒதுங்கி நின்ன இடம் ஒன்னு உண்டு, ஒத்துக்கறேன், அது கடிகாரம். ஊருக்கு ஒரு நேரம்னு இருந்ததை 1883 நவம்பர் 18-ந் தேதி ரயில் கம்பெனிங்களே கூடிப் பேசி நாட்டை மண்டலமா பிரிச்சு மாத்திட்டாங்க, பல ஊர்ல அன்னைக்கு ரெண்டு தடவை மத்தியானம் 12 மணி அடிச்சுது. அதைச் சட்டமா ஆக்க அரசாங்கத்துக்கு 1918 வரைக்கும் ஆச்சு. இங்க நம்ம கதை தெரியுமா, நாடு பூரா ரயில் ஓடினது மெட்ராஸ் நேரத்துல, 1906-ல இந்திய நேரம் வந்தப்புறமும் பம்பாய்க்காரங்க விட்டுக் குடுக்கல, 39 நிமிஷம் பின்னாடி தங்க நேரத்தையே 1955 வரைக்கும் பிடிச்சுக்கிட்டு இருந்தாங்க. சரி, விஷயத்துக்கு வர்றேன்.

ராக்கஃபெல்லரை திறமைசாலின்னு தொடர்ல எழுதியிருக்கு. திறமைசாலிதான், சந்தேகமே இல்ல, கழிவுன்னு ஆத்துல கொட்டினதைக்கூட காசாக்கினவர், பீப்பாயை வெளிய வாங்காம சொந்தமா செஞ்சவர். ஆனா கிளீவ்லாண்ட் நகரத்துல அவர் மத்தவங்களை விழுங்கினது சுத்திகரிப்பு ஆலைக்குள்ள நடந்த வேலையால மட்டும் இல்ல, குட்ஷெட்ல நடந்த வேலையால. 1871 கடைசி, 1872 ஆரம்பம். சவுத் இம்ப்ரூவ்மென்ட் கம்பெனின்னு ஒன்னு, பென்சில்வேனியா மாநில சட்டசபை குடுத்த சாசனத்தோட. மூணு பெரிய ரயில் கம்பெனிங்க ஒரு பக்கம், ராக்கஃபெல்லரோட சேர்ந்த சில எண்ணெய் ஆலைக்காரங்க இன்னொரு பக்கம்.

அது எப்படி வேலை செய்யும்னு நம்ம ஊர் கணக்குல சொல்றேன். மாட்டுங்கா மார்க்கெட்ல ரெண்டு கடைக்காரங்க ஈரோட்டுலேர்ந்து மஞ்சள் எடுக்கறாங்கன்னு வெச்சுக்குங்க, ரெண்டு பேருக்கும் மூட்டைக்கு ரேட் 100 ரூபா, போர்டுல எழுதியிருக்கு, ரசீதும் 100-க்குதான். ஆனா மொத கடைக்காரருக்கு சாயங்காலம் பின்வாசல்ல 40 ரூபா திரும்பி வந்துடும். இது ரிபேட், இது எல்லா ஊர்லயும் நடக்கறதுதான், இதோட நின்னிருந்தா நான் இவ்வளவு எழுதமாட்டேன். ரெண்டாவது கடைக்காரர் கட்டின 100-லேர்ந்தும் 40 ரூபாயை எடுத்து மொத கடைக்காரருக்கே குடுப்பாங்க! அதாவது போட்டிக்காரன் எவ்வளவு சரக்கு எடுக்கறானோ அவ்வளவு இவனுக்கு வரும்படி. அதோட விட்டாங்களா, ரெண்டாவது ஆள் எத்தனை மூட்டை, எந்தத் தேதி, யாருக்கு அனுப்பினான்னு புக்கிங் விவரம் பூரா மொத ஆளுக்கு நகல் போகும். கூட்ஸ் ஆபீஸ்ல வேலை பாத்தவன்கிட்ட கேளுங்க, ரேட்டை விட இதுதான் பெரிய ஆயுதம்னு சொல்வான். எங்க காலத்துல ஒரு பார்ட்டியோட புக்கிங்கை இன்னொரு பார்ட்டி எட்டிப் பாக்க டீ, வடை வாங்கிக் குடுத்து எத்தனை நைஸ் பண்ணுவாங்க, அங்க அதை ஒப்பந்தமாவே எழுதி வெச்சுக்கிட்டாங்க.

விஷயம் கசிஞ்சதும் பென்சில்வேனியா எண்ணெய் வட்டாரமே கொதிச்சுப்போச்சு, கூட்டம் ஊர்வலம்னு நடந்து, அந்தச் சாசனத்தை 1872 வசந்தத்துல ரத்து பண்ணினாங்க, ஒரு பீப்பாய்கூட அந்த ஒப்பந்தப்படி போகல. ஆனா அந்த மிரட்டல் இருந்த சில வாரத்துக்குள்ளயே கிளீவ்லாண்ட்ல இருந்த 26 போட்டி ஆலைங்கள்ல 22 ராக்கஃபெல்லர் கைக்கு வந்தாச்சு. அப்புறம் 1880 வாக்குல நாட்டோட எண்ணெய் சுத்திகரிப்புல பத்துல ஒன்பது பங்கு அவரோட கம்பெனி ஸ்டாண்டர்ட் ஆயில்தான். ரிபேட் நின்னுச்சான்னு கேட்டீங்கன்னா, 1907-ல நீதிபதி லேண்டிஸ் முன்னாடி வந்த கேஸைப் பாருங்க: இண்டியானால வைட்டிங்லேர்ந்து கிழக்கு செயின்ட் லூயிஸ் வரைக்கும் 100 பவுண்டுக்கு அறிவிச்ச ரேட் 18 சென்ட், ஸ்டாண்டர்ட் ஆயில் கட்டினது 6 சென்ட். 1,462 வேகன் கணக்கெடுத்து 2 கோடியே 92 லட்சத்து 40 ஆயிரம் டாலர் அபராதம் போட்டார் மனுஷன். மறு வருஷமே மேல்கோர்ட்ல அது தள்ளுபடி, ஒரு காசு கட்டல.

மண்ணெண்ணெய் விலை இறங்குச்சே, ஏழை வீட்டுல விளக்கு எரிஞ்சுதேன்னு உங்க கட்டுரையாளர் கேப்பார். இறங்குச்சு, நல்லாவே இறங்குச்சு, அந்த அமெரிக்க எண்ணெய் டின் டின்னா நம்ம பம்பாய் துறைமுகத்துலயும் வந்து இறங்கிச்சு, நம்ம கொள்ளுத் தாத்தா வீட்டு விளக்குலகூட அது எரிஞ்சிருக்கலாம். எஃகும் அப்படித்தான், 1870-ல ஒரு லட்சம் டன்கூட இல்லாத உற்பத்தி 1900-ல ஒரு கோடி டன்னைத் தாண்டிருச்சு, ரயில் பாதை 1865-ல 35,000 மைல், 1900-ல 1,90,000 மைலுக்கு மேல. இதை எல்லாம் யார் இல்லன்னு சொன்னா? நான் சொல்றது வேற, அந்த எஃகு தண்டவாளத்துக்கு டன்னுக்கு 28 டாலர் இறக்குமதி வரி போட்டு இங்கிலாந்து சரக்கு உள்ள வராம 1870-லேர்ந்து காவல் காத்தது யாரு? அரசாங்கம். அந்த வரியைக் கட்டினது தண்டவாளம் வாங்கின ரயில், ரயில் அதைத் தலையில கட்டினது கோதுமை ஏத்தின விவசாயி மேல.

அந்த விவசாயியைப் பத்தி தொடர்ல ஒரு வரி இல்ல. அயோவாலயும் கேன்சஸ்லயும் இருக்கறவனுக்கு ஊருக்கு ஒரே ரயில் பாதைதான், அதனால பக்கத்து ஊருக்கு அனுப்ப ஆகற கட்டணம் சிகாகோலேர்ந்து நியூயார்க் போறதை விட ஜாஸ்தியா இருக்கும், ஏன்னா அங்க ரெண்டு மூணு கம்பெனி போட்டி, இங்க போட்டியே இல்ல. அவங்க கிரேஞ்ச்னு சங்கம் கட்டி மாநில சட்டசபைல கட்டணக் கட்டுப்பாடு கொண்டுவந்தாங்க, 1877-ல சுப்ரீம் கோர்ட் அது சரின்னுச்சு, 1886-ல அதே கோர்ட் மாநிலம் தாண்டிப் போற சரக்குல மாநிலத்துக்கு அதிகாரம் இல்லன்னு பாதியைப் பிடுங்கிருச்சு. அதுக்கப்புறம்தான் 1887-ல மத்திய அரசு மாநிலங்களுக்கு இடையிலான வணிகத்துக்குன்னு ஒரு கமிஷன் வெச்சுது, ரிபேட் கூடாது, குறைஞ்ச தூரத்துக்கு அதிகக் கட்டணம் கூடாதுன்னு சட்டம். ரயில் முதலாளிங்க பயந்தாங்க.

இங்க ஒரு லெட்டர் இருக்கு, கண்டிப்பா உங்க தொடர்ல வரணும். 1892-ல பர்லிங்டன் ரயில் கம்பெனி தலைவர் சார்லஸ் பெர்கின்ஸ் இந்தக் கமிஷனையே ஒழிச்சுக் கட்ட முடியுமான்னு தன் வக்கீல் ரிச்சர்ட் ஓல்னியைக் கேக்கறார். ஓல்னி எழுதின பதில் என்னன்னா, ஒழிக்காதீங்க, இது நமக்கு ரொம்ப உபயோகம், அரசாங்கம் கண்காணிக்குதுன்னு ஜனங்களுக்கும் திருப்தி, கண்காணிப்பு கிட்டத்தட்ட பேருக்குதான், நாளாக நாளாக கமிஷனே நம்ம பக்கம் சாஞ்சுடும், அதனால அழிக்கறதை விட பயன்படுத்திக்கறதுதான் புத்திசாலித்தனம். நான் இதைப் படிச்சுட்டு ரொம்ப நேரம் சிரிச்சேன், கோவமும் வந்துச்சு. ஏன்னா மறு வருஷம், 1893-ல, இதே ஓல்னிதான் அந்த நாட்டுக்கு அட்டர்னி ஜெனரல்!

அவர் அந்த நாற்காலில உக்காந்து என்ன பண்ணினார்னு பாருங்க. சிகாகோ பக்கத்துல ஜார்ஜ் புல்மேன் ஸ்லீப்பர் கோச் செய்யற ஆலை வெச்சு அதைச் சுத்தி ஒரு ஊரே கட்டியிருந்தார், வீடு கம்பெனி வீடு, கடை கம்பெனி இடம், சர்ச்சுக்குக்கூட வாடகை. 1893-ல பொருளாதாரம் படுத்ததும் கூலியை சராசரி நாலுல ஒரு பங்கு வெட்டினார், வாடகையை ஒரு சென்ட் குறைக்கல, பங்குதாரருக்கு 8 சதவீத டிவிடெண்ட் மட்டும் தவறாம போச்சு. வாடகை கழிச்சுட்டு சம்பள நாள்ல சில்லறை மட்டும் கையில வாங்கினவங்க இருந்தாங்க. 1894 மே மாசம் ஸ்ட்ரைக், ஜூன் கடைசில யூஜின் டெப்ஸ் தலைமையில ரயில் தொழிலாளர் சங்கம் புல்மேன் பெட்டி கோத்த வண்டியைத் தொடமாட்டோம்னு சொல்லிட்டாங்க. சிகாகோவுக்கு மேற்க பெரும்பாலான ரயில் நின்னுச்சு. ஓல்னி என்ன பண்ணினார்? சிகாகோல அரசாங்க வக்கீலா ரயில் கம்பெனி வக்கீல் ஒருத்தரையே நியமிச்சார். தபால் போகலன்னு காரணம் காட்டி கோர்ட்ல தடை உத்தரவு வாங்கினார், ஜனாதிபதி கிளீவ்லாண்ட் பட்டாளத்தை அனுப்பினார், இல்லினாய் கவர்னர் ஆல்ட்கெல்ட் எனக்கு வேண்டாம், நான் கேக்கவே இல்லன்னு கத்தியும் கேக்கல. கூடவே ஆயிரக்கணக்கான ஸ்பெஷல் போலீஸ், பேர் அரசாங்க போலீஸ், சம்பளமும் துப்பாக்கியும் ரயில் கம்பெனி குடுத்தது. முப்பது பேர் வாக்குல செத்தாங்க, டெப்ஸ் ஆறு மாசம் ஜெயில்.

இது மொத தடவையும் இல்ல. 1877 ஜூலைல பால்டிமோர் ஒஹாயோ ரயில்வே 10 சதவீதம் கூலி வெட்டினதுலேர்ந்து மேற்கு வர்ஜீனியாவுல மார்ட்டின்ஸ்பர்க்ல ஆரம்பிச்ச ஸ்ட்ரைக் நாடு பூரா பரவி, பிட்ஸ்பர்க்ல வெளியூர் படை சுட்டு இருபது பேர் போல செத்து, கோவத்துல ஜனங்க லோகோ ஷெட்டையே கொளுத்தி நூத்துக்கு மேல இன்ஜின் எரிஞ்சு, ஜனாதிபதி ஹேய்ஸ் பட்டாளத்தை இறக்கினப்புறம்தான் அடங்குச்சு. எங்க சீனியருங்க 1974 மே மாசம் நம்ம ரயில்வேல நடந்த ஸ்ட்ரைக்கைப் பத்திச் சொல்லுவாங்க, ராத்திரியில குவார்ட்டர்ஸ் கதவைத் தட்டினது, சாமானை வெளிய போட்டது, ஆளைத் தேடி போலீஸ் வந்தா பெண்டாட்டி பிள்ளைங்க என்ன சொன்னாங்க. அந்தக் கதை கேட்டு வளந்தவனுக்கு இதுல ஒரு வார்த்தைகூட புதுசு இல்ல.

இப்ப 1895-க்கு வாங்க. அஞ்சு மாசத்துக்குள்ள சுப்ரீம் கோர்ட் மூணு தீர்ப்பு. ஜனவரில சர்க்கரை ட்ரஸ்ட் (கம்பெனிங்க ஒன்னா சேர்ந்த கூட்டு) கேஸ், நாட்டோட சர்க்கரை சுத்திகரிப்புல 98 சதவீதம் ஒரே கம்பெனி கையில, 1890-ல ஏகபோகத்துக்கு எதிரா வந்த ஷெர்மன் சட்டம் இதுக்குப் பொருந்தாது, உற்பத்தி வேற வணிகம் வேறன்னு விட்டுட்டாங்க. மே 20-ந் தேதி, வருஷம் 4,000 டாலருக்கு மேல சம்பாதிக்கறவங்களுக்கு 2 சதவீத வருமான வரி போட்டிருந்ததே, அது செல்லாதுன்னுட்டாங்க. ஒரு வாரம் கழிச்சு மே 27, டெப்ஸை உள்ள தள்ளினது சரிதான்னுட்டாங்க. அந்தத் தடை உத்தரவுக்கு கீழ்கோர்ட் காரணம் காட்டினது எதை தெரியுமா, அதே ஷெர்மன் சட்டத்தை. முதலாளி கூட்டுச் சேர்ந்தா சட்டத்துக்குக் கண் தெரியல, தொழிலாளி கூட்டுச் சேர்ந்தா நல்லாவே தெரிஞ்சுது.

கார்னகி நூலகம் கட்டினதைப் பத்தி ஒரு முழுப் பக்கம் போட்டிருந்தீங்க. 2,500-க்கு மேல கட்டினார், பெரிய விஷயம்தான், இல்லன்னு சொல்லல. ஆனா 1892-ல அவரோட ஹோம்ஸ்டெட் எஃகு ஆலைல தொழிலாளிங்களோட தகராறு வந்து, ஆலையை நடத்தின ஃப்ரிக் 300 பிங்கர்ட்டன் ஆளுங்களை, அதாவது தனியார் காவல் கம்பெனி ஆளுங்களை, படகுல ஏத்தி ஆத்து வழியா கொண்டுவந்து ரெண்டு பக்கமும் ஆள் செத்து, அப்புறம் மாநிலப் படை 8,000 பேர் வந்து ஆலையைத் திறந்து குடுத்தாங்களே, அப்ப கார்னகி ஸ்காட்லாந்துல இருந்தார். பன்னெண்டு மணி நேரம் உலை முன்னாடி நின்னவன் எந்த நேரத்துல நூலகம் போவான்னு அந்த ஊர் ஆளுங்களே கேட்டாங்க.

இன்னொன்னு, இதை மும்பைல இருக்கற தமிழன் எழுதலன்னா யார் எழுதறது. சென்ட்ரல் பசிபிக் பாதையை சியெரா மலைல குடைஞ்சு போட்டது பத்தாயிரத்துக்கு மேல சீனாக்காரங்க. 1867 ஜூன்ல வெள்ளைக்காரனுக்குக் குடுக்கற கூலி எங்களுக்கும் வேணும், வேலை நேரத்தைக் குறைங்கன்னு அமைதியா வேலையை நிறுத்தினாங்க, கம்பெனி சாப்பாட்டு சாமானை நிறுத்திருச்சு, ஒரு வாரத்துல முடிஞ்சுபோச்சு. 1869 மே 10-ந் தேதி ரெண்டு பாதையும் சேர்ந்தப்ப தங்க ஆணி அடிச்ச அந்தப் பிரபல போட்டோல அவங்களைத் தேடித்தான் பாக்கணும். பொருளாதாரம் படுத்தப்ப அதே ஆளுங்கதான் நம்ம வேலையைத் தின்னறான்னு எல்லாருக்கும் எதிரி, 1882-ல சீனத் தொழிலாளி உள்ள வரக்கூடாதுன்னு சட்டம், 1885-ல வயோமிங்ல ராக் ஸ்பிரிங்ஸ் சுரங்கத்துல 28 பேரைக் கொன்னாங்க. அந்தச் சட்டம் போக 1943 ஆச்சு. கூலியைக் குறைச்சவன் யாருன்னு விட்டுட்டு பக்கத்துல மண்வெட்டி பிடிச்சவனை அடிக்கறது. 60-களோட கடைசில இந்த ஊர்ல தமிழன்தான் வேலையைப் பிடுங்கறான்னு நம்ம ஹோட்டலையும் கடையையும் உடைச்சப்ப தாராவியிலயும் மாட்டுங்காவிலயும் கதவைச் சாத்திக்கிட்டு உள்ள இருந்தவங்க இன்னும் உயிரோட இருக்காங்க, அவங்களுக்கு நான் விளக்கவேண்டியது இல்ல.

நல்ல மாத்தம் வரலையான்னா, வந்துச்சு, ஆனா முதலாளி மனசு இளகி வந்தது இல்ல. 1881-ல ஜனாதிபதி கார்ஃபீல்டை வேலை கேட்டுக் கிடைக்காத ஒருத்தன் சுட்டுக் கொன்னப்புறம்தான் 1883-ல பரீட்சை வெச்சு அரசு வேலை குடுக்கற சட்டம். எட்டு மணி நேர வேலைக்காக 1886 மே 1 சிகாகோல எறங்கினவங்களாலதான் இன்னைக்கு நமக்கு மே தினம், அதை 1923-ல மெட்ராஸ் கடற்கரைல மொத மொதல்ல கொண்டாடினது நம்ம சிங்காரவேலர். 1896 தேர்தல்ல விவசாயிங்க பக்கம் நின்ன பிரையன் தோத்தார், எதிர்ல மெக்கின்லிக்கு ஸ்டாண்டர்ட் ஆயில் மட்டும் 2,50,000 டாலர் குடுத்துச்சு, ஆனா விவசாயிங்க கேட்ட வருமான வரியும், செனட்டருங்களை ஜனங்களே நேரா தேர்ந்தெடுக்கறதும் 1913-ல அரசியல் சட்டத்துலயே ஏறிருச்சு. அதுவரைக்கும் செனட்டரைத் தேர்ந்தெடுத்தது மாநில சட்டசபை, அதாவது ரயில் கம்பெனி எந்த சட்டசபையைப் பிடிச்சிருக்கோ அந்த சட்டசபை.

பத்திரிகைக்காரர் உங்களுக்கு இதுல பெருமைப்பட ஒரு ஆள் இருக்காங்க, ஐடா டார்பெல். எண்ணெய் வட்டாரத்துல வளந்த பொண்ணு, 1872 ரிபேட் கூட்டுல அடிபட்டவங்கள்ல அவங்க அப்பாவும் ஒருத்தர். 1902 நவம்பர்லேர்ந்து மெக்ளூர்ஸ் மாத இதழ்ல ஸ்டாண்டர்ட் ஆயிலைப் பத்தி தொடர் எழுதினாங்க, ஏச்சு பேச்சு இல்ல, கோர்ட் சாட்சியம், விசாரணை கமிட்டி ஆவணம், கட்டண விவரம், அவ்வளவும் காகிதம். 1906-ல கட்டணத்துக்கு உச்சவரம்பு வெக்கற அதிகாரம் 1887-ல வெச்ச அந்தப் பழைய கமிஷனுக்கு நிஜமாவே கிடைச்சுது, 1911-ல சுப்ரீம் கோர்ட் ஸ்டாண்டர்ட் ஆயிலை 34 கம்பெனியா உடைச்சுது. உடைச்சதும் அந்தத் துண்டு கம்பெனிங்க ஷேர் விலை ஏறி ராக்கஃபெல்லர் முன்ன விட பணக்காரர் ஆனது தனிக் கதை.

அமெரிக்காவோட அந்த உள்நாட்டு யுத்தத்துலேர்ந்து நம்ம பம்பாய்க்கும் ஒரு கிளைக் கதை இருக்கு, இடம் இருந்தா போடுங்க. அமெரிக்கப் பருத்தி நின்னதால இங்கிலாந்துல லாங்காஷயர் மில்லுங்க நம்ம பருத்திக்குப் பறந்தாங்க, ஊர்ல காசு கொட்டுச்சு, பேக் பே கடலைத் தூர்க்கறோம்னு ஷேர் போட்டாங்க, அரசாங்கமும் பங்குதாரரா இருந்த பேங்க் ஆஃப் பாம்பே அந்த ஷேரை நம்பி கடனை வாரி வழங்குச்சு, 1865-ல அங்க யுத்தம் முடிஞ்ச செய்தி வந்ததும் எல்லாம் சரிஞ்சுது, பேங்கும் போச்சு. அந்த விளையாட்டுல பெரிய கை பிரேம்சந்த் ராய்சந்த், அவர் அம்மா பேர்லதான் யூனிவர்சிட்டி ராஜாபாய் டவர் நிக்குது.

அடுத்த வாரம் பேங்க் முதலாளி மார்கன் வர்றார்னு போட்டிருக்கீங்க. 1895 பிப்ரவரில அரசாங்க கஜானால தங்கம் தீந்துபோற நிலைமை வந்தப்ப ஜனாதிபதி கிளீவ்லாண்ட் அவர்கிட்ட போய் 6 கோடி டாலருக்கு மேல பத்திரம் குடுத்துத் தங்கம் வாங்கினதையும், அதுல அவரும் கூட்டாளிங்களும் லாபம் பாத்ததையும் உங்க கட்டுரையாளர் விட்டுடாம எழுதச் சொல்லுங்க. ஓல்னி லெட்டரை தமிழ்ல முழுசா ஒரு பெட்டிச் செய்தியா போட்டா இன்னும் நல்லது, லைப்ரரில தேடினா கிடைக்கும், வேணும்னா நகல் எடுத்துட்டு நானே உங்க ஆபீஸ் பக்கம் வந்து குடுக்கறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கூட்ஸ் க்ளார்க்,
சயான், மும்பை